துண்டான விரலை, ஆளை மயக்காமல் கையை மட்டும் மரக்கவைத்து ஒட்டுவது எப்படி: பட்டறையிலிருந்து தியேட்டர் வரை, அதற்கு அப்புறமும்

இரவு பத்தரைக்கு பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்துவிட்டு வருகிறவர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் விரலைப் பற்றியதாக இருக்காது. “இப்பத்தானுங்க டாக்டர் சாப்பிட்டேன், மயக்க ஊசி போடலாமுங்களா?” என்பார். கூட வந்தவர் அவரைவிடப் பதறிப்போய், ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்கணுமாமே, அதுவரை விரல் தாங்குமா என்பார். நான் மயக்கவியல் மருத்துவன், கோவைப் பக்கம் கை அறுவை சிகிச்சைக் குழுவோடு வேலை. நான் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: உங்களைத் தூங்கவைக்க வேண்டியதில்லை, கையை மட்டும் தூங்கவைத்தால் போதும். முழு மயக்கம் கொடுக்க வசதி இல்லாததால் செய்கிற சமாளிப்பு இல்லை இது. ஒட்டின விரல் பிழைப்பதற்கே அந்த மரப்பு ஊசி உதவி செய்கிறது, எப்படி என்று கீழே வரும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தைத் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் எல்லாமே நரம்புதான். டிரிப்ஸ் ஏற்றுவது நரம்பில், விரலை மடக்குவது நரம்பு, சுளுக்கினால் பிசகுவதும் நரம்பு. “நரம்பு கட் ஆயிடுச்சு” என்று போனில் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. இங்கே தசைநார் என்றால் விரலை மடக்கி நீட்டுகிற வெள்ளைக் கயிறு. தமனி ரத்தத்தைக் கொண்டுவருவது, சிரை அதைத் திரும்ப எடுத்துப்போவது. நரம்பு என்றால் உணர்ச்சியைக் கடத்துகிற கம்பி மட்டும். விரலுக்குள் மடக்குகிற தசை கிடையாது, தசை எல்லாம் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது. இந்தச் சின்ன விஷயம் ஞாபகம் இருக்கட்டும், இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வரும்.

விபத்து நடந்த இடத்தில்

முதலில் மெஷினை நிறுத்துங்கள், மெயினை ஆஃப் செய்யுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் விரலைத் தேடப் போய் இரண்டாவது ஆளும் கையைக் கொடுத்த கதை உண்டு.

காயத்தின் மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். துண்டான விரலில் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும், பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் அநேகமாக நின்றுவிடும். ரப்பர் பேண்ட், கயிறு, கேபிள் டை என்று எதையும் போட்டு இறுக்க வேண்டாம். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் போகும். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

இப்போது துண்டு. கிரீஸ், மண் ஒட்டியிருந்தால் சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒருமுறை அலசுங்கள், தேய்க்க வேண்டாம். காஸ் துணியோ சுத்தமான கைக்குட்டையோ எடுத்து, நனைத்து, நன்றாகப் பிழிந்து அதில் சுற்றுங்கள். சுற்றியதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ டப்பாவிலோ வையுங்கள். விரல் ஐஸையும் தொடக்கூடாது, தண்ணீரிலும் மிதக்கக்கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும், தண்ணீரில் ஊறினால் ரத்தக்குழாய் சொதசொதத்துப் போய்த் தையல் பிடிக்காது. ஒருமுறை டீக்கடைப் பால் பாக்கெட்டுக்குள் விரலைப் போட்டுக் கொண்டுவந்தார்கள், இன்னொருமுறை டெட்டாலில். ஃபிரீசரில் வைத்துக் கல்லாக்கிக் கொண்டுவந்ததும் உண்டு, அதை என்ன செய்தும் மீட்க முடியாது.

விரல் முழுசாக அறுபடாமல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்த இத்துனூண்டு தோல் பாலத்துக்குள் ஒரு சிரை உயிரோடு இருக்கலாம், பல தடவை விரலைக் காப்பாற்றுவது அதுதான். இருக்கிற வாக்கிலேயே நேராக வைத்து, ஒரு ஸ்கேலையோ அட்டைத் துண்டையோ அண்டக்கொடுத்துக் கட்டி, வெளியே ஐஸ் பையை வையுங்கள். நசுங்கிப்போன துண்டாக இருந்தாலும் குப்பையில் போடாமல் கொண்டுவாருங்கள், அதிலிருந்து தோலோ ரத்தக்குழாயோ எடுத்துப் பக்கத்து விரலுக்குப் பயன்படுத்துவோம்.

வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள். டீ, சோடா, வலி மாத்திரை எதுவும். கையை மட்டும் மரக்கவைக்கும்போது நிரம்பிய வயிற்றின் ஆபத்து குறைவுதான், ஆனால் ஒருவேளை பிளாக் (கையை மட்டும் மரக்கவைக்கிற ஊசி) சரியாகப் பிடிக்காமல் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வந்தால் அந்த டீ வினையாகும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது, எங்கே போவது

தசை இல்லாததால் விரல் கொஞ்சம் பொறுமைசாலி. சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிரில் வைத்தால் 24 மணி நேரம் வரைக்கும் முயற்சி செய்யலாம். தைவானில் 94 மணி நேரம் குளிரில் கிடந்த விரலை ஒட்டிப் பிழைக்கவைத்ததாகவே மருத்துவப் பதிவு இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே, தசையோடு துண்டானால் கணக்கே வேறு, ஐஸில் வைக்காமல் 6 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து.

இதை நான் சொல்வது நிதானமாக வாருங்கள் என்பதற்காக இல்லை. பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு இடத்துக்கு ஓடி நேரத்தைத் தொலைப்பதைவிட, மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக்குழாய் தைக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தாலும் லாபம் என்பதற்காக. ஒரு சின்ன கிளினிக்கில் விரலை மரக்கவைத்து, தோலை மட்டும் சுற்றித் தைத்து “ஒட்டியாச்சு” என்று அனுப்பிவிட்டார்கள், மூன்றாம் நாள் கரிக்கட்டையாக எங்களிடம் வந்தது. தோலைத் தைத்தால் விரல் ஒட்டாது. ரத்தம் ஓட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குக் குறை இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, அதைக் கட்டியெழுப்பிய டாக்டர் ஆர். வெங்கடசாமி 1980-இல் எழுதிய விரல்நுனி அறுவை முறை உலகம் முழுக்க அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கோவையில் கங்கா மருத்துவமனை இந்த வேலைக்குப் பேர்போனது. எங்கே போனாலும் கிளம்பும்போதே போன் பண்ணி, எந்தக் கை, எந்த விரல், எத்தனை மணிக்கு, எந்த மெஷின் என்ற நாலையும் சொல்லிவிடுங்கள். விரலை போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது, நீங்கள் வந்து சேர்வதற்குள் தியேட்டர் தயாராகும்.

பட்டறை விபத்து என்றால் ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், முதலாளியை அன்றே விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும். அறிக்கை போகாவிட்டால் அப்புறம் அலைச்சல்தான்.

ஒட்டலாமா, வேண்டாமா

எல்லா விரலையும் ஒட்ட வேண்டும் என்பதில்லை. கட்டைவிரல் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் முயற்சி செய்வோம், கையின் வேலையில் ஏறக்குறைய பாதி அதனுடையது. ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள் போயிருந்தாலும், குழந்தையாக இருந்தாலும் அப்படியே. ஒரே ஒரு விரல், அதுவும் நடுக்கணுவுக்குக் கீழே அடிப்பக்கமாகத் துண்டானது, வயது வந்த ஆள் என்றால் யோசிப்போம். அங்கே இரண்டு மடக்கு தசைநார்களும் ஒரே குறுகிய குழாய்க்குள் ஓடுகின்றன, ஒட்டினால் விரல் உயிரோடு இருக்கும், ஆனால் விறைத்துப்போய் மற்ற மூன்று விரல்களுக்கும் இடைஞ்சலாக நிற்கும். நடுக்கணுவைத் தாண்டி நுனிப்பக்கம் துண்டானால் பலன் நன்றாக இருக்கும்.

கத்தியில் வெட்டியது, கட்டிங் மெஷினில் போனது நல்ல காயம். கரும்பு ஜூஸ் மெஷினில் நசுங்கியது, மோதிரம் மாட்டி உரித்துக்கொண்டு வந்தது மோசமான காயம். விரலின் பக்கவாட்டில் நீளமாகச் சிவப்புக் கோடு தெரிந்தால் உள்ளே ரத்தக்குழாய் இழுபட்டுக் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். வெட்டுக்காயத்தில் நல்ல இடங்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பிழைக்கும், நசுங்கியதில் அந்தக் கணக்கு சரியும். சிகரெட், பீடி, கட்டுப்பாடில்லாத சர்க்கரை எல்லாம் இன்னும் கீழே இழுக்கும்.

டாக்டர் “ஒட்ட வேண்டாம், மூடிவிடலாம்” என்றால் பணத்துக்காகவோ சோம்பலாலோ சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். மூடினால் சில வாரத்தில் வேலைக்குப் போகலாம். ஒட்டினால் பல மாதம், அதில் இரண்டாவது ஆபரேஷனும் வரலாம். தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சுண்டு விரலைவிட அந்த மாதங்கள் பெரிதாக இருக்கலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கையைத் தூங்கவைப்பது

என் வேலை இங்கே தொடங்குகிறது. நுனி மட்டும் என்றால் விரலின் அடியில் இரண்டு பக்கமும் லிக்னோகெயின் என்கிற மரப்பு மருந்து ஒன்றிரண்டு மில்லி போட்டாலே விரல் மரத்துவிடும். ஒட்டுவதற்கு அது போதாது, ஒரு விரலுக்கே மூன்று நான்கு மணி நேரம் ஆகும், ரத்தத்தை நிறுத்தி வைக்க மேல்கையில் டூர்னிக்கெட் கட்டுவோம், அந்த இறுக்கம் அரை மணி நேரத்தில் விரலைவிட மோசமாக வலிக்க ஆரம்பிக்கும். அதனால் கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புக் கட்டு முழுவதையும் மரக்கவைப்போம். காரை எலும்புக்கு மேலேயோ, கீழேயோ, அக்குளிலோ ஒரே ஊசி. அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்புகள் திராட்சைக் கொத்துபோலத் தெரியும், ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே சுற்றிலும் மருந்தைப் பரப்புவோம். உங்களுக்குத் தெரிவது ஒரு குத்து, கொஞ்சம் அழுத்தம். அப்புறம் கை சூடாகும், கனக்கும், கடைசியில் உங்கள் சொல் கேட்காது.

முழுசாகப் பிடிக்க 15 முதல் 30 நிமிடம் ஆகும். சிலர், “கையை மேலே தூக்கியே வெச்சிருக்கீங்களே, இறக்குங்க டாக்டர்” என்பார்கள். கை கீழேதான் கிடக்கும். மரத்துப்போன நேரத்தில் கை எந்த வாக்கில் இருந்ததோ மூளை அதையே பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கக் கண்ணிமை கொஞ்சம் தொங்கலாம், காரை எலும்புக்கு மேலே போட்டால் மூச்சு லேசாகக் குறைவதுபோல் தோன்றலாம், இரண்டும் மருந்து இறங்கியதும் போய்விடும். நுரையீரல் கோளாறு இருக்கிறவருக்கு அக்குளில் போடுவோம். காதில் ரீங்காரம், உதடு மரத்தல், வாயில் இரும்புச் சுவை தெரிந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அதற்கு மாற்றான கொழுப்பு மருந்து எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும். அளவை எடை பார்த்துத்தான் போடுவோம்: அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை, 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். நீண்ட நேரத்துக்கு ப்யூபிவகெயின் அல்லது ரோபிவகெயின்.

முதலில் சொன்ன உதவி இதுதான். ரத்தக்குழாயைச் சுருங்கச் சொல்லிக் கட்டளையிடுகிற நுண்ணிய நரம்பு இழைகளும் இந்தக் கட்டுக்குள்தான் போகின்றன. பிளாக் போட்டதும் அவையும் அடங்கிவிடும், கையின் குழாய்கள் விரிந்துகொள்ளும், கை வெதுவெதுப்பாகும். ஒரு மில்லிமீட்டர் குழாயைத் தைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஊசிக்குப் பதில் மெல்லிய குழாயை அங்கேயே விட்டுவைத்தால் ஆபரேஷன் முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் மருந்தைச் சொட்டவிடலாம். வலி இல்லை, வலியால் வருகிற குழாய்ச் சுருக்கமும் இல்லை.

டூர்னிக்கெட்டும் கட்டாமல், கையில் அட்ரினலின் கலந்த லிக்னோகெயினை மட்டும் பரப்பிச் செய்கிற முறையும் இருக்கிறது. கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பியது. விரலில் அட்ரினலின் போட்டால் விரல் செத்துவிடும் என்றே நாங்கள் எல்லோரும் படித்தோம். 2005-இல் அவர் குழு 3,110 பேருக்குப் போட்டுப் பார்த்த கணக்கை வெளியிட்டது, ஒரு விரல்கூடப் போகவில்லை. தைவானில் இந்த முறையில் விரல் ஒட்டியும் காட்டிவிட்டார்கள். எனக்கு என்னவோ ஒட்டு வேலைக்கு பிளாக்தான் மனசுக்குப் பிடிக்கிறது, குழாயைச் சுருக்குகிற மருந்தைப் போட்டுவிட்டு அதே குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று உட்கார்ந்து பார்க்க என் பொறுமை இடம் கொடுக்காது. ஆனால் அந்த முறைக்கு வேறொரு இடம் உண்டு, கடைசியில் வருகிறேன்.

சின்னக் குழந்தைகளை நாலு மணி நேரம் அசையாமல் படுக்கவைக்க முடியாது, அவர்களுக்கு முழு மயக்கம்தான். நாலைந்து விரல் என்று விடிய விடிய ஓடுகிற வேலைக்கும் பல நேரம் பிளாக்கோடு மயக்கமும் சேர்ப்போம்.

மேசையில்

நான் பிளாக் போடுகிற நேரத்தில், துண்டு விரல் பக்கத்து மேசையில் மைக்ரோஸ்கோப் அடியில் இருக்கும். அதைக் கழுவி, தமனி, சிரை, நரம்பு ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அடையாள நூல் கட்டிவைத்துவிடுவார்கள். இதற்கு நீங்கள் தேவையில்லை, துண்டு மட்டும் போதும், அதனால்தான் துண்டு உங்களுக்கு முன்னாலேயே தியேட்டருக்குள் போகும்.

அப்புறம் எலும்பு. இரண்டு பக்கமும் சேர்த்து அரை சென்டிமீட்டர் அளவுக்கு எலும்பைக் குறைப்பார்கள். விரலை ஏன் குட்டையாக்குகிறார்கள் என்று உறவினர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். குறைத்தால்தான் நசுங்கிய முனைகளை வெட்டி எறிந்துவிட்டு நல்ல குழாயோடு நல்ல குழாயை இழுப்பில்லாமல் சேர்க்க முடியும். எலும்பில் கே-வயர் கம்பி ஒன்றோ இரண்டோ குத்தி நிறுத்துவார்கள். அடுத்து நீட்டுகிற தசைநார், மடக்குகிற தசைநார். பிறகுதான் தமனி, நரம்பு, சிரை. தமனிக்கு முன்பே சிரையைத் தைக்கிற சர்ஜன்களும் உண்டு, அது கைப்பழக்கம்.

குழாய் தைக்கிற நூல் 10-0 நைலான், தலைமுடியைவிட மெல்லியது, கீழே விழுந்தால் தேடாதீர்கள். ஒரு தமனிக்கு எட்டுத் தையல் வரும். நீளம் பத்தாவிட்டால் முன்கையிலிருந்து ஒரு சின்னச் சிரையை எடுத்து இடையில் வைத்துத் தைப்பார்கள். குழாயை அடைத்துப் பிடித்திருந்த கிளிப்பை எடுத்ததும் வெள்ளை மெழுகாகக் கிடந்த விரல் நகக்கண்ணிலிருந்து ரோஜா நிறமாகும். விழித்திருக்கிற ஆள் அதைத் திரும்பிப் பார்க்கக் கேட்டால் நான் திரையை விலக்கிக் காட்டிவிடுவேன். 1965 ஜூலையில் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கொமாட்சுவும் தமாயும் முழுசாகத் துண்டான கட்டைவிரலை முதன்முதலில் ஒட்டியபோதும் இந்த நிற மாற்றத்துக்குத்தான் காத்திருந்திருப்பார்கள்.

ஒரு தமனிக்கு இரண்டு சிரையாவது தைக்கப் பார்ப்பார்கள், உள்ளே வந்த ரத்தம் வெளியே போகணுமே. நுனியில் சிரை கிடைக்காவிட்டால் நகத்தை எடுத்துவிட்டு ரத்தத்தைக் கசியவிடுவது, அல்லது அட்டை விடுவது. ரத்தம் குடிக்கிற நிஜ அட்டைப்பூச்சிதான், பல நாட்டு மருத்துவமனைகளில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் வயிற்றில் இருக்கிற கிருமிக்காகத் தனி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்போது உங்களுக்கு வலிப்பது விரல் இல்லை, முதுகு. அதற்குத் தலையணை, லேசான உறக்க மருந்து, சிறுநீருக்கு ஏற்பாடு எல்லாம் உண்டு. குளிர்ந்தால் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். உடம்பு நடுங்கினால் குழாய் சுருங்கும், அதனால் தியேட்டர் ஏ.சி.யைக் குறைத்துவிட்டு சர்ஜன் வியர்த்துக்கொண்டே தைப்பார்.

முதல் மூன்று நாள்

குழாய் அடைத்துக்கொள்வதென்றால் பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள்தான். நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து விரலைப் பார்ப்பார், நீங்களும் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். வெளுத்து, சில்லிட்டு, தொளதொளவென்று ஆனால் தமனி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து, உப்பி, அழுத்தினால் சட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைத்திருக்கிறது. எதுவானாலும் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், உடனே திரும்பத் திறந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. பிளாக் மருந்து சொட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வலியே தெரியாது, அதனால் வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் நிறத்தை மட்டும் நம்புங்கள்.

கை தலையணை மேல் உயரமாக, அறை வெதுவெதுப்பாக. பீடி சிகரெட் அறவே கூடாது, பார்க்க வருகிறவர் பக்கத்தில் நின்று பிடிக்கவும் கூடாது. சில வாரங்களுக்குக் காபி, டீயையும் நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை, ஆனாலும் விரலை வைத்து நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அதற்கு அப்புறம் வருகிற மாதங்கள்

ஐந்து முதல் ஏழு நாளில் வீடு. கம்பியை நாலு முதல் ஆறு வாரத்தில் எடுப்பார்கள். பிசியோதெரபி அதற்கு முன்பே தொடங்கிவிடும், சோம்பினால் விரல் கட்டையாகிவிடும். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், விரல் நடுவில் துண்டானவருக்கு நுனியில் உணர்ச்சி எட்டிப்பார்க்கவே சில மாதம் ஆகும். அதுவரை அடுப்புப் பக்கம் கவனம், சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். ஊட்டிக் குளிரும் மார்கழி விடியலில் பைக் ஓட்டுவதும் ஒட்டின விரலைக் குத்தி எடுக்கும், இது ஒன்றிரண்டு வருடம் இருக்கும், மெல்லக் குறையும்.

விரல் நன்றாகப் பிழைத்து, எலும்பும் கூடி, மடக்க மட்டும் வரவில்லை என்றால் தசைநார் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்து அதை விடுவிக்கிற சின்ன ஆபரேஷன் செய்வார்கள். லலோண்ட் முறைக்கு நான் ஒதுக்கி வைத்த இடம் இதுதான். பிளாக் போட்டால் முன்கைத் தசையும் தூங்கிவிடும், விரலை உங்களால் அசைக்க முடியாது. இங்கே அசைத்தே ஆக வேண்டும். அதனால் விரலிலும் உள்ளங்கையிலும் மட்டும் ஊசி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, சர்ஜன் ஒட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, “அண்ணே, இப்ப மடக்குங்க பார்ப்போம்” என்பார். பாதி மடங்கும். இன்னும் கொஞ்சம் எடுப்பார். “இன்னொருக்கா மடக்குங்க.”